துறுதுறுப்புக்குச் சாப்பாடுதான் காரணமா?

தங்கள் பிள்ளைக்கு ஏடிஹெச்டி எனப்படும் கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்புக் கோளாறு இருக்கலாம் என்று முதன்முதலாகக் கேள்விப்படும் பெற்றோர், மருந்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே சாப்பாட்டைப் பற்றிக் கேட்டுவிடுகிறார்கள். "பால் ஒத்துக்கலையோ?" "கோதுமையை நிறுத்திப் பார்க்கலாமா?" "கலர் மிட்டாய் சாப்பிட்டா ஆட்டம் ஜாஸ்தியாகுது, அது அலர்ஜிதானே?" கேட்பதில் தவறே இல்லை. மருந்தை முடிவு செய்வது மருத்துவர். அடுப்படி அம்மாவின் கையில் இருக்கிறது. கத்தரிக்காயையும் கருவாட்டையும் கரப்பான் பண்டம் என்று ஒதுக்கி, காய்ச்சலுக்கு ஒன்று பிரசவத்துக்கு ஒன்று என்று பத்தியம் வைத்துப் பழகிய வீடுகளில் இந்த எண்ணம் எழாமல் இருந்தால்தான் வியப்பு.

இந்தக் கேள்விக்கு ஐம்பது ஆண்டுகளாக ஆய்வுகள் நடந்து வருகின்றன. அவற்றை வரிசையாகப் படித்துப் பார்த்தால், சாப்பாட்டுக்கும் நடத்தைக்கும் சம்பந்தமே கிடையாது என்று அடித்துச் சொல்ல முடியாது. உணவு ஒவ்வாமைதான் ஏடிஹெச்டியை உண்டாக்குகிறது என்றும் சொல்ல முடியாது. தொடர்பு சில பிள்ளைகளிடம், சிறிய அளவில் இருக்கிறது. அதுவும் நாம் முதலில் சந்தேகப்படும் பாலிலும் முட்டையிலும் அது அவ்வளவாக இல்லை. இது தெரியாமல் பிள்ளையின் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போவதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது.

உண்மையான உணவு ஒவ்வாமை, நோய் எதிர்ப்பு மண்டலத்தின் வேலை. முட்டை, பால், நிலக்கடலை, இறால் போன்றவற்றில் உள்ள ஏதோ ஒரு புரதத்தை உடம்பு பகையாக எடுத்துக்கொண்டு, ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைத் தயார் செய்து வைத்துக்கொள்கிறது. மறுபடி அந்தப் புரதம் உள்ளே போனதும் ஹிஸ்டமின் வெளிப்படுகிறது. சில நிமிடங்களில், அதிகம் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் உதடு வீங்கும், தோல் தடிக்கும், வாந்தி வரும், மூச்சு இழுக்கும். முற்றினால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். பால் குடித்தால் வயிறு உப்பிக் கழிச்சல் போவது வேறு விஷயம். அங்கே குறைவது லாக்டோஸைச் செரிக்கும் நொதி. எதிர்ப்பு மண்டலத்துக்கு அதில் பங்கில்லை. ஒரு பண்டம் தின்ற பிறகு தோலிலோ வயிற்றிலோ மூச்சிலோ எந்த மாற்றமும் இல்லாமல் ஆட்டம் மட்டும் கூடுகிறது என்றால், அது இந்த வகை ஒவ்வாமையாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

ஏடிஹெச்டியோ மூளை வளர்ச்சியோடு வருவது. 12 வயதுக்குள் தெரிய ஆரம்பித்து, ஆறு மாதத்துக்குக் குறையாமல், வீடு, பள்ளி என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தொந்தரவு தந்தால்தான் மருத்துவர்கள் அந்தப் பெயரைச் சொல்வார்கள். இரட்டைக் குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வுகளின்படி இதில் மரபணுக்களின் பங்கு ஏறத்தாழ 74 சதவீதம். வளர்ப்பு சரியில்லை, சமையல் சரியில்லை என்று தாயைக் குறை சொல்பவர்கள் இந்த எண்ணை ஒரு முறை பார்க்க வேண்டும். இது அரிதான கோளாறும் இல்லை. கோயம்புத்தூரில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்து 2013-ல் வெளியான ஆய்வில் 11.32 சதவீதம் பேரிடம் இது காணப்பட்டது.

இரண்டும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்து வருகின்றனவா என்று பல நாட்டுத் தரவுகளைத் திரட்டிப் பார்த்திருக்கிறார்கள். 2017-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வில் ஏடிஹெச்டி உள்ள பிள்ளைகளுக்கு ஆஸ்துமா, எக்சிமா என்னும் தோல் அரிப்பு நோய், ஒவ்வாமை மூக்கொழுகல் ஆகியவை மற்றப் பிள்ளைகளைவிடக் கூடுதலாக இருந்தன. உணவு ஒவ்வாமையில் மட்டும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. அடுத்த ஆண்டு ஸ்வீடனின் மக்கள் பதிவேடுகளை வைத்து நடந்த பெரிய ஆய்வும் ஆஸ்துமாவுக்கும் ஏடிஹெச்டிக்கும் உள்ள தொடர்பை உறுதி செய்தது. ஆக, ஒவ்வாமையும் ஏடிஹெச்டியும் உறவுள்ளவைதாம். அந்த உறவு மூக்கிலும் தோலிலும் நுரையீரலிலும் தெரிகிற அளவுக்குச் சாப்பாட்டுத் தட்டில் தெரியவில்லை.

மூக்கும் தோலும் எப்படி மூளை வரை போகின்றன? இந்தக் கேள்விக்கு மருத்துவமனைகளில் இன்னும் கூடுதல் நேரம் ஒதுக்க வேண்டும். இரவெல்லாம் முழங்கை மடிப்பைச் சொறிந்துகொண்டே புரளும் பிள்ளை, மூக்கடைத்து வாயால் மூச்சு விட்டுக் குறட்டை விடும் பிள்ளை, விடியற்காலை இருமலில் எழுந்து உட்காரும் பிள்ளை, மூவருமே தூக்கம் கெட்டவர்கள். பெரியவர்களுக்குத் தூக்கம் கெட்டால் சோர்ந்து விழுவார்கள். பிள்ளைகள் பலர் நேர்மாறாக நடந்துகொள்வார்கள்: நிலைகொள்ள மாட்டார்கள், சட்டென்று எரிச்சல் வரும், கரும்பலகையில் எழுதுவது மனதில் நிற்காது. பார்ப்பவருக்கு அது அப்படியே ஏடிஹெச்டிதான். 2009-ல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்விலும், எக்சிமாவோடு தூக்கக் கோளாறும் சேர்ந்திருந்த பிள்ளைகளிடம்தான் ஏடிஹெச்டி கூடுதலாக இருந்தது. இதோடு சளிக்கும் அரிப்புக்கும் கடையில் வாங்கி ஊற்றும் குளோர்ஃபெனிரமின் கலந்த சிரப்பையும் சேர்த்துப் பாருங்கள். அது தூக்கக் கலக்கம் தரும் மருந்து. அதைக் குடித்துவிட்டு வகுப்பில் உட்காரும் பிள்ளைக்குக் கவனம் எங்கிருந்து வரும்? ஆகவே அலர்ஜி உள்ள பிள்ளை படிப்பில் கவனமில்லாமல் இருந்தால், முதலில் கேட்க வேண்டியது இரவில் எப்படித் தூங்குகிறது என்பது. காலையில் என்ன சாப்பிட்டது என்பதைப் பிறகு கேட்கலாம்.

சாப்பாட்டின் மேல் இவ்வளவு சந்தேகம் எங்கே தொடங்கியது? சான் ஃபிரான்சிஸ்கோவில் கைசர் பெர்மனென்டே மருத்துவமனையில் ஒவ்வாமை நிபுணராக இருந்தவர் பெஞ்சமின் ஃபைன்கோல்ட். ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாத நோயாளிகளுக்காக, ஆஸ்பிரினைப் போன்ற சாலிசிலேட்டுகள் இயற்கையாக உள்ள பழங்களையும் செயற்கை நிறங்களையும் சுவையூட்டிகளையும் நீக்கி அவர் ஓர் உணவு முறை வகுத்திருந்தார். அதைக் கடைப்பிடித்தவர்களில் சிலரின் நடத்தையும் மாறுவதாக அவருக்குத் தோன்றியது. 1973-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் கூட்டத்தில் இதை அறிவித்தார். மிகையாக ஆடும் பிள்ளைகளில் பாதிப் பேர் வரை இதனால் தேறுவார்கள் என்றார். புத்தகமும் வந்தது, நாடெங்கும் பெற்றோர் சங்கங்கள் முளைத்தன. ஆனால் எந்த உணவு எப்போது தரப்படுகிறது என்பதைப் பெற்றோரிடமும் பரிசோதிப்பவரிடமும் மறைத்துச் சோதித்தபோது அந்தப் பலன் பெரும்பாலும் கரைந்துபோனது. 1983-ல் 23 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் இந்த உணவு முறையால் சொல்லிக்கொள்ளும்படி நன்மை இல்லை என்று எழுதினார்கள். ஃபைன்கோல்டின் கதை அத்தோடு முடிந்தது என்றே பலரும் நினைத்தார்கள்.

முடியவில்லை. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகக் குழு, ஏடிஹெச்டி உள்ளவர்கள் என்று பொறுக்கி எடுக்காமல், சாதாரணப் பிள்ளைகளையே சோதனைக்கு எடுத்துக்கொண்டது. மூன்று வயதில் 153 பேர், எட்டு ஒன்பது வயதில் 144 பேர். வீட்டில் வழக்கமாகத் தின்னும் நிறமிகளை நிறுத்தச் சொன்னார்கள். தினமும் ஒரு பழச்சாறு கொடுத்தார்கள். சில வாரங்கள் அதில் செயற்கை நிறமிகளும் சோடியம் பென்சோயேட் என்ற பதப்பொருளும் சேர்ந்த இரண்டு கலவைகளில் ஒன்று இருக்கும், சில வாரங்கள் வெறும் சாறு. பார்வைக்கும் சுவைக்கும் எல்லாம் ஒன்றேதான். எது எந்த வாரம் என்று பெற்றோருக்கும் தெரியாது, ஆசிரியருக்கும் தெரியாது. சிறு பிள்ளைகளுக்குத் தந்த ஒரு கலவையில் இருந்த நிறமி, இரண்டு சிறிய மிட்டாய்ப் பொட்டலங்களில் இருக்கும் அளவுதான். 2007-ல் லான்செட் இதழில் முடிவு வெளியானது: கலவை குடித்த வாரங்களில் பிள்ளைகளின் துறுதுறுப்பு சராசரியாகச் சற்றே கூடியிருந்தது.

அந்தச் "சற்றே" முக்கியம். மெத்தில்ஃபெனிடேட் போன்ற மருந்து ஏடிஹெச்டியில் தரும் பலனோடு வைத்துப் பார்த்தால் இந்த விளைவு மிகச் சிறியது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி மாறவும் இல்லை. இரண்டு கலவைகளிலுமே சோடியம் பென்சோயேட் இருந்ததால், குற்றம் நிறமியுடையதா பதப்பொருளுடையதா என்று பிரித்துச் சொல்லவும் வழியில்லை. ஆனாலும் முடிவைத் தள்ளிவிட முடியாது. ஒரு நாட்டின் பிள்ளைகள் எல்லாரும் குடிக்கும் பானத்தில் சிறு விளைவு இருந்தாலும் அது பெரிய விஷயம். ஐரோப்பிய ஒன்றியம் அப்படித்தான் பார்த்தது. 2010 ஜூலை முதல், சவுத்தாம்ப்டன் சோதனையில் இருந்த ஆறு நிறமிகளில் எது கலந்த பண்டமானாலும், பிள்ளைகளின் கவனத்தையும் செயல்பாட்டையும் பாதிக்கலாம் என்ற எச்சரிக்கை அச்சிடப்பட வேண்டும் என்றது. பல நிறுவனங்கள் எச்சரிக்கையைப் போடுவதைவிட நிறமியை மாற்றிவிடுவது மேல் என்று மாற்றிக்கொண்டன. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் நிபுணர் குழு 2011-ல் சான்று போதாது என்றது. பத்தாண்டு கழித்து, 2021-ல், கலிஃபோர்னியா மாநில நிபுணர்கள் சில பிள்ளைகளிடம் இந்த நிறமிகள் நடத்தைக் கோளாறை உண்டாக்கவோ கூட்டவோ செய்யும் என்று முடிவுக்கு வந்தார்கள். 2024-ல் அந்த மாநிலம் பள்ளி உணவில் ஆறு நிறமிகளைத் தடை செய்து சட்டம் இயற்றியது.

இது ஒவ்வாமையா என்றால், வழக்கமான பொருளில் இல்லை. இங்கிலாந்தின் வைட் தீவில் நடந்து 2004-ல் வெளியான இன்னொரு நிறமி ஆய்வில், மூன்று வயதுப் பிள்ளைகளிடம் நிறமி காட்டிய விளைவு ஒவ்வாமை உள்ளவர், இல்லாதவர் என்று பாகுபாடு பார்க்கவில்லை. ஆனால் சவுத்தாம்ப்டன் குழு 2010-ல் வெளியிட்ட தொடர் ஆய்வு ஒரு சுவையான விவரத்தைச் சொல்கிறது. உடம்பில் ஹிஸ்டமினைச் சிதைக்கும் மரபணு எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து நிறமியின் விளைவு கூடிக் குறைந்தது. ஒவ்வாமையில் அரிப்பை உண்டாக்கும் அதே ஹிஸ்டமின் மூளையிலும் விழிப்பு நிலையைக் கட்டுப்படுத்தும் வேலையைச் செய்கிறது. ஒரே மிட்டாய் ஒரு பிள்ளையை ஆட்டி வைத்து இன்னொன்றை விட்டுவிடுவது ஏன் என்பதற்கு இதுவரை கிடைத்த விளக்கங்களில் எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுவது இதுதான். இந்த மாதிரி எதிர்வினையை எந்த அலர்ஜி பரிசோதனையும் காட்டிக்கொடுக்காது.

நிறமியைத் தாண்டி, முழு உணவையே மாற்றிப் பார்த்தவர்களும் உண்டு. லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையில் நடந்து 1985-ல் வெளியான சோதனையில் 76 பிள்ளைகளுக்கு நான்கு வாரம் கடும் பத்தியம்: இரண்டு இறைச்சி, அரிசியும் உருளைக்கிழங்கும், இரண்டு பழம், சில காய்கள், தண்ணீர். 62 பேர் தேறினார்கள். பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்தபோது 48 பண்டங்கள் மாட்டிக்கொண்டன. நிறமியும் பதப்பொருளும் பட்டியலில் முதலிடம் பிடித்தன, ஆனால் அவை மட்டுமே ஒத்துக்கொள்ளாத பிள்ளை ஒன்றுகூட இல்லை. 2011-ல் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் 100 பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வில், அரிசி, இறைச்சி, காய், பேரிக்காய், தண்ணீர் என்ற அடிப்படையில் ஐந்து வாரம் உண்ட 50 பேரில் 32 பேர் தேறினார்கள். உலகம் பரபரப்பாகப் பேசியது. ஆனால் மதிப்பெண் போட்ட பெற்றோருக்குத் தங்கள் பிள்ளை பத்தியத்தில் இருப்பது தெரியும். ஐந்து வாரம் வீடே ஒரு பிள்ளையைச் சுற்றி இயங்கினால், நேரத்துக்குச் சாப்பாடு, ஒழுங்கான நாள், இடைவிடாத கவனிப்பு எல்லாம் சேர்ந்தே வரும். இதைப் பிரித்துப் பார்க்க நெதர்லாந்திலேயே இன்னொரு குழு, ஒரு சாராருக்குக் கடும் பத்தியமும் இன்னொரு சாராருக்கு வெறும் சத்தான உணவும் கொடுத்தது. 2023-ல் முடிவு வந்தது: பத்தியம் இருந்தவர்களில் 35 சதவீதமும் சத்தான உணவு உண்டவர்களில் 51 சதவீதமும் தேறினார்கள். கடும் பத்தியத்துக்கு இருந்த மவுசு இதோடு குறைந்திருக்க வேண்டும்.

பெற்றோரின் எதிர்பார்ப்பு எவ்வளவு பலமானது என்பதற்குச் சர்க்கரைதான் சரியான சாட்சி. 1994-ல் அமெரிக்காவில் ஐந்து முதல் ஏழு வயதுப் பையன்களின் தாய்மாரை அழைத்தார்கள். தங்கள் மகனுக்குச் சர்க்கரை ஒத்துக்கொள்ளாது என்று உறுதியாக நம்பியவர்கள் அவர்கள். ஒரு பகுதித் தாய்மாரிடம் "உங்கள் மகனுக்கு நிறையச் சர்க்கரை கொடுத்திருக்கிறோம்" என்றார்கள். கொடுத்தது எல்லாருக்குமே சர்க்கரை இல்லாத செயற்கை இனிப்பு. அப்படிச் சொல்லப்பட்ட தாய்மார் தங்கள் மகன் கூடுதலாக ஆடுவதாகக் குறித்தார்கள்; அவனை ஒட்டியே உட்கார்ந்தார்கள், குறை சொல்வதும் கூடியது. அதே ஆண்டு, சர்க்கரை, அஸ்பார்டேம், சாக்கரின் என்று மூன்று உணவு முறைகளையும் வாரக்கணக்கில் மாற்றி மாற்றிக் கொடுத்த ஆய்விலும் நடத்தையில் வித்தியாசம் தெரியவில்லை. பல்லுக்காகவும் எடைக்காகவும் சர்க்கரையைக் குறையுங்கள், அது நியாயம். ஏடிஹெச்டிக்காக என்றால் சான்று இல்லை.

இனி நான் மிகவும் கோபப்படும் இடம். ஒரு குழாய் இரத்தம் எடுத்து, நூற்றுக்கும் மேற்பட்ட உணவுகளுக்கு ஐஜிஜி அளவு பார்த்து, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வண்ணம் போட்ட பட்டியல் தருகிறார்கள். "உணவு ஒத்துக்கொள்ளாமைப் பரிசோதனை" என்று இது விற்கப்படுகிறது. ஐஜிஜி என்பது நாம் அடிக்கடி சாப்பிடும் உணவை உடம்பு அறிந்து வைத்திருப்பதன் அடையாளம். நோயின் அடையாளம் இல்லை. அதனால்தான் அரிசியும் பாலும் பருப்பும், அதாவது பிள்ளை தினமும் சாப்பிடுவதுதான், சிவப்பில் வந்து நிற்கும். ஐரோப்பிய, அமெரிக்க, கனடா ஒவ்வாமை மருத்துவச் சங்கங்கள் மூன்றுமே இதைச் செய்யாதீர்கள் என்று சொல்லியிருக்கின்றன. பத்தியத்தை ஆதரித்த அந்த 2011 ஆய்விலேயே இதைச் சோதித்தார்கள். ஐஜிஜி கூடுதலான உணவைக் கொடுத்தாலும் குறைவான உணவைக் கொடுத்தாலும், 30 பேரில் 19 பேருக்கு அறிகுறி திரும்பியது. பரிசோதனைச் சீட்டுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை.

ஐஜிஇ பரிசோதனை உண்மையானது, ஆனால் அதையும் தனியாக நம்பக்கூடாது. கர்நாடகத்தில் பெரியவர்களிடம் நடத்தி 2016-ல் வெளியிட்ட ஆய்வில் 26.5 சதவீதம் பேருக்கு ஏதாவது ஓர் உணவுக்கு ஐஜிஇ இருந்தது. சாப்பிட்டால் உண்மையிலேயே எதிர்வினை வரக்கூடியவர்கள் 1.2 சதவீதம்தான். அங்கே பள்ளிப் பிள்ளைகளிடம் உணவு ஒவ்வாமை 0.14 சதவீதம் என்று கணக்கு வந்தது. நம் பிள்ளைகளிடம் உணவு ஒவ்வாமை அரிதானது; சீட்டில் வரும் "பாசிட்டிவ்" மிகச் சாதாரணமானது. இந்த இடைவெளியில்தான் நல்ல சாப்பாடு பறிபோகிறது.

பறிபோனால் என்ன நட்டம்? தேசியக் குடும்பநல ஆய்வின்படி 2019–21-ல் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. இரும்புச்சத்து இல்லாமல் மூளை டோபமினைச் சரியாக உற்பத்தி செய்ய முடியாது. ஏடிஹெச்டியில் குறைவுபடுவதாகக் கருதப்படும் வேதிப்பொருள்களில் டோபமின் முதன்மையானது. 2004-ல் பிரான்சில் நடந்த ஆய்வில் ஏடிஹெச்டி உள்ள 53 பிள்ளைகளில் 84 சதவீதம் பேருக்கு, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் குறைவாக இருந்தது, ஒப்பீட்டுக் குழுவில் 18 சதவீதம். சிறிய ஆய்வுதான். ஆனால் இரத்தசோகை இவ்வளவு பரவிய ஊரில், பல ஆயிரம் ரூபாய்க்கு ஐஜிஜி பார்ப்பதைவிட ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் பார்ப்பது பல மடங்கு அறிவான செலவு. இன்னொன்று: மெத்தில்ஃபெனிடேட் சாப்பிடும் பிள்ளைக்கு ஏற்கெனவே பசி மந்தம். அதன் தட்டிலிருந்து பாலையும் முட்டையையும் எடுத்துவிட்டால் எடையும் உயரமும் கூடுவது தடைப்படலாம். எக்சிமா உள்ள பிள்ளைக்கு ஓர் உணவை மாதக்கணக்கில் நிறுத்தினால், சும்மா இருந்த ஐஜிஇ உண்மையான ஒவ்வாமையாக மாறும் ஆபத்தும் உண்டு. தவிர்ப்பது பாதுகாப்பு என்ற நம்பிக்கையை 2015-ல் வெளியான லண்டன் நிலக்கடலை ஆய்வு புரட்டிப் போட்டது: ஆபத்து கூடிய 640 கைக்குழந்தைகளில், கடலையைத் தவிர்த்தவர்களில் 17.2 சதவீதத்துக்கும் சாப்பிட்டவர்களில் 3.2 சதவீதத்துக்கும் ஐந்து வயதில் கடலை ஒவ்வாமை இருந்தது.

அப்படியென்றால் எதையும் நீக்கிப் பார்க்கவே கூடாதா? ஒன்றை நீக்கலாம்: செயற்கை நிறமி. அதை நீக்குவதால் பிள்ளைக்கு எந்தச் சத்தும் குறையாது. பொட்டலத்தின் பின்புறத்தில் பொடி எழுத்தில் "அனுமதிக்கப்பட்ட செயற்கை நிறமி" என்ற பொருள்பட ஓர் ஆங்கில வரியும், பக்கத்தில் எந்த நிறமி என்பதைக் குறிக்கும் ஐ.என்.எஸ். எண்ணும் இருக்கும். 102 டார்ட்ரசின், 110 சன்செட் யெல்லோ, 122 கார்மோசின், 124 பான்சோ 4ஆர். சவுத்தாம்ப்டன் ஆறில் இந்த நான்கும் இந்தியாவில் நெடுநாளாக அனுமதிக்கப்பட்ட எட்டு நிறமிகளின் பட்டியலில் உள்ளவை. 211 என்றால் சோடியம் பென்சோயேட். ஐரோப்பாவில் உள்ளது போன்ற எச்சரிக்கையை இங்கே தேடாதீர்கள், இருக்காது. கேசரிப் பவுடர், கலர் அப்பளம், ஜிலேபி, பேக்கரி கேக்கின் மேல்பூச்சு, பள்ளிக்கூட வாசலில் விற்கும் ஐஸ் என்று லேபிளே இல்லாமல் வருவதும் ஏராளம். 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு பஞ்சு மிட்டாயைத் தடை செய்ததற்குக் காரணமான ரோடமின்-பி, அனுமதிப் பட்டியலிலேயே இல்லாத தொழிற்சாலைச் சாயம். பிள்ளைகள் தின்பண்டத்தில் என்னென்ன கலக்கப்படுகின்றன என்பதற்கு அது ஓர் எடுத்துக்காட்டு.

நீக்கிப் பார்க்கிறவர்கள் முறையாகப் பாருங்கள். இரண்டு வாரம் எதையும் மாற்றாமல், பிள்ளை சாப்பிட்டதையும் தூங்கியதையும் நடந்துகொண்டதையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பிறகு நிறமியை மட்டும் நான்கு வாரம் நிறுத்துங்கள். வகுப்பாசிரியரிடம் இதைச் சொல்லாமல், பிள்ளை எப்படி இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். வீட்டில் உள்ளவர்களின் எதிர்பார்ப்பு அவரிடம் இருக்காது. வித்தியாசம் தெரிந்தால் தொடருங்கள், தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2018-ல் வெளியிட்ட வழிகாட்டியும் இதே தொனிதான்: எல்லாப் பிள்ளைகளுக்கும் நிறமி நீக்கத்தைச் சிகிச்சையாகப் பரிந்துரைக்காதீர்கள், ஏதாவது பண்டத்தைப் பெற்றோர் கவனித்துச் சொன்னால் குறிப்பு எழுத வைத்து உணவியல் நிபுணரிடம் அனுப்புங்கள் என்கிறது. பால், முட்டை, கோதுமை என்று எந்த முழு உணவையும் நிபுணர் மேற்பார்வை இல்லாமல் நிறுத்த வேண்டாம். இதற்காக மருந்தையோ நடத்தைப் பயிற்சியையோ தள்ளிப்போடவும் வேண்டாம்.

ஏற்கெனவே நிறுத்தி வைத்திருக்கிறீர்களா? அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, எதை, எப்போது முதல், யார் சொல்லி நிறுத்தினீர்கள் என்று எழுதிக்கொண்டு போங்கள். பிள்ளையின் எடையையும் உயரத்தையும் ஹீமோகுளோபினையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த உணவைத் திரும்பக் கொடுக்கலாமா என்று நேராகக் கேளுங்கள். முன்பு அதைத் தின்று உதடு வீங்கியோ மூச்சு இழுத்தோ இருந்தால், வீட்டில் கொடுத்துப் பார்க்கவே கூடாது. அது மருத்துவமனையில், மருத்துவர் பக்கத்தில் இருக்கும்போது செய்ய வேண்டிய பரிசோதனை.